சலோமா மன்னித்தது

மகன் செத்த அன்றே, அவன் உடம்பைக் கழுவுவதற்குள்ளாகவே, சலோமா யட்ஸி அந்தச் சாவுக்குக் காரணமானவனை மன்னித்துவிட்டாள். அதை அவள் பெரிய காரியமாக நினைக்கவில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மலைச்சரிவில், காரும் மின்சாரமும் வேண்டாமென்று பழைய கிறிஸ்தவ முறைப்படி வாழும் அந்த ஆமிஷ் குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான். தீப்பிடித்தால் கை தானாக வாளிக்குப் போவதுபோல, சாவு விழுந்தால் வாய் தானாக மன்னிப்புக்குப் போய்விடும். அழுகை அதற்குப் பிறகு வரும். சில வீடுகளில் வராமலும் போகும்.

மகன் பெயர் டோபியாஸ். பதினைந்து வயது. தாய்மாமன் மோஸின் மர மில்லில் வேலை. சுழன்று ஓடிக்கொண்டிருந்த இரும்புத் தண்டில், ஷாஃப்டில், சட்டைக்கை சிக்கியது. டீசல் எஞ்சினை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாயங்காலம் விசாரிக்க வந்த அரசு அதிகாரி, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"யார் மேலயாவது உங்களுக்குக் குறை இருக்காம்மா?"

"இல்ல. நாங்க மன்னிச்சுட்டோம்."

அவர் கண் கலங்கியது. எதையோ எழுதிக்கொண்டு போனார். தான் சொன்ன வார்த்தை ஒன்று, அவர் எழுதிக்கொண்டது வேறொன்று என்பது சலோமாவுக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. முட்டையும் மாவும் பிசைந்து நூடுல்ஸ் வெட்டி, சமையலறை முழுக்கக் கொடி கட்டிக் காயப்போடுவாள். வாங்க வருகிற இங்கிலீஷ்காரிகள் (ஆமிஷ் அல்லாத யாரும் அவர்களுக்கு இங்கிலீஷ்காரர்கள்தான்) அந்த மஞ்சள் திரைக்கு நடுவே அவளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கணவன் ஈனோஸ் குதிரைச் சேணம் தைக்கிறவன். அவனும் பேச்சு குறைந்த ஆள். ஊரில் ஒரு கேலி உண்டு: ஈனோஸ் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டால் விருந்தாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

மோஸ் போர்ன்ட்ரேகர் அவளுடைய அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அவளை வளர்த்தது அவன்தான். பனியில் சறுக்குவண்டியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவன். மில்லில் இடதுகைச் சுண்டுவிரலைப் பறிகொடுத்துவிட்டு, "இனிமே கையுறையில ஒரு விரல் மிச்சம்" என்று சிரித்தவன். கெட்டவன் என்று யாரும் அவனைச் சொன்னதில்லை. இன்றுவரை சலோமாவும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரத்தில் அவன் சபை முன்னால் முழங்கால் போட்டான். அன்று ஆராதனை ஒரு பண்ணையின் களஞ்சியத்தில் நடந்தது. பாட்டும் பிரசங்கமும் முடிந்ததும், ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவு சாத்தப்பட்டது. மோஸ் பெஞ்சை விட்டு எழுந்து வந்து, வைக்கோல் ஒட்டிய தரையில் மண்டியிட்டான்.

"ஷாஃப்டுக்கு மேல இருக்கிற இரும்பு மூடிய நான்தான் கழட்டிவெச்சேன். மரத்தூள் அடைச்சு அடைச்சு நிக்குது, வேலை ஓடமாட்டேங்குதுன்னு கழட்டினேன். அப்படியே விட்டுட்டேன். பையன் போனது என்னாலதான்."

பிஷப் பெரி கிங்ரிச் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். மன்னிக்கிறவர்கள் தலையாட்ட வேண்டும். பெண்கள் பக்கத்தில் சலோமாவின் முறை வந்தது. அவள் தலையாட்டினாள். மனசோடுதான் ஆட்டினாள். பிஷப் மோஸின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, கன்னத்தில் சமாதான முத்தம் கொடுத்தார். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது.

முடிந்தது என்றால் அங்கே நிஜமாகவே முடிந்ததுதான். மன்னித்த தப்பை மறுபடி வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் அது எடுத்தவருடைய தப்பாகிவிடும். டோபியாஸின் பெயரைச் சொல்லலாம், அவன் பாட்டைப் பற்றிச் சொல்லலாம், அவன் கண்ணுக்குட்டிக்குப் பால் ஊற்றுகிற அழகைச் சொல்லலாம். மூடியைப் பற்றிச் சொல்லக் கூடாது. சலோமா சொல்லவில்லை. ஒரு வருஷம் கறுப்பு உடுத்தினாள், நூடுல்ஸ் வெட்டினாள்.

வசந்தத்தில் இளையவன் ரூபனுக்கு எட்டாம் வகுப்பு முடிந்தது. ஆமிஷ் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். அதற்கு மேல் வேலை. மோஸ் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். சலோமா காபியும் கேக்கும் எடுத்துவைத்தாள். அவன் கேக்கைத் தொடவில்லை.

"ரூபனை அனுப்பு சலோமா. கோடையில அவனுக்குப் பதினாலு ஆகுதுல்ல. பலகை அடுக்குற வேலைதான்."

"டோபியாஸும் பலகைதான் அடுக்கினான்."

மோஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஈனோஸ் தொண்டையைச் செருமினான்.

"உனக்கு மனசுல ஏதாச்சும் மிச்சம் இருக்கா?" என்றான் மோஸ் மெதுவாக. "ஊர்ல கேக்குறாங்க. ரூபன் என்கிட்ட வந்துட்டா எல்லார் வாயும் அடங்கிரும். நீ முழுசா மன்னிச்சுட்டன்னு எனக்கும் தெரியும். எனக்கு ராத்திரியில தூக்கமே இல்ல, தெரியுமா?"

"மூடி..." என்று ஆரம்பித்தாள்.

"சலோமா!" என்றான் ஈனோஸ். அவ்வளவு சத்தமாக அவன் அவள் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

அண்ணன் கேட்பது மில்லுக்கு ஆள் அல்ல என்று அவளுக்குப் புரிந்தது. அவன் தூக்கத்தைக் கேட்கிறான். அவளுடைய மன்னிப்பு உண்மைதான் என்பதற்கு ஒரு அத்தாட்சி கேட்கிறான். அந்த அத்தாட்சி இப்போது மாட்டுக்கொட்டகையில் விசிலடித்துக்கொண்டு சாணி அள்ளிக்கொண்டிருந்தது.

"அறுவடை முடியட்டும்" என்றான் ஈனோஸ், இருவருக்கும் பொதுவாக. அதன் அர்த்தம் சரி என்பதுதான்.

அறுவடைக்கு முன்பே வழக்கு வந்துவிட்டது. ஆமிஷ் பையன்கள் சின்ன வயதிலேயே மர மில்லில் நிற்கலாம் என்று, அவர்கள் மதத்துக்கு மரியாதையாக, சட்டம் விட்டுக்கொடுத்திருந்தது. பாதுகாப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மோஸின் மில்லில் அது இல்லை, அங்கே இனி சின்னப் பையன்கள் நிற்கக் கூடாது என்று அரசாங்கம் கோர்ட்டுக்குப் போனது. ஆமிஷ்காரர்கள் கோர்ட் படி ஏறமாட்டார்கள், வக்கீல் வைக்கமாட்டார்கள். ஆனால் தெற்கே ஒரு நகரத்திலிருந்து, மதச் சுதந்திரத்துக்காக வாதாடும் கிறிஸ்தவ வக்கீல்கள் தாங்களாகவே வந்தார்கள். காசு வேண்டாம் என்றார்கள். "நாம கோர்ட்டுக்குப் போகல, கோர்ட்டுதான் நம்மகிட்ட வந்திருக்கு" என்று சபையும் ஒருவாறு சமாதானம் செய்துகொண்டது.

அரசுத் தரப்பு சலோமாவைச் சாட்சிக்கு அழைத்தது. அழைப்பு வந்த மறுநாளே பிஷப் பெரியும் கோல்பி என்கிற இளம் வக்கீலும் வந்தார்கள். கோல்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. வீட்டுக்குள் நுழையும் முன் காலணியைக் கழற்றினான். சாப்பாட்டுக்கு முன்னான மௌன ஜெபத்தில் எல்லோரையும்விட அதிக நேரம் தலை குனிந்திருந்தான். நல்ல பையன்தான்.

"அம்மா, நீங்க பயப்படவே வேண்டாம்" என்றான். "நீங்க பேசித்தான் ஆகணும்னு இல்ல. 'என் நம்பிக்கை இடம் கொடுக்கல'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதுக்கு மேல உங்களை யாரும் நெருக்காம நாங்க பாத்துக்கறோம். இந்த நாட்டுல அந்த உரிமைக்காக ரத்தம் சிந்தியிருக்காங்க."

"என்ன கேப்பாங்க?" என்றாள் சலோமா.

"மூடி இருந்துச்சான்னு கேப்பாங்க. அதிகாரி வந்து பாத்தப்போ மூடி அது இருக்க வேண்டிய இடத்துலதான் இருந்திருக்கு. அதுக்கு முன்னாடி எப்படின்னு சொல்ல யாரும் இல்ல. மோஸ் பேச மாட்டார். சபையில சொன்னது சபைக்குள்ள புனிதமானது, அதைத் தொட விடமாட்டோம்."

அப்படியென்றால் அன்று சாயங்காலத்துக்குள்ளேயே யாரோ மூடியை மாட்டியிருக்கிறார்கள். மகன் மேசைமேல் கிடந்தபோது யாரோ ஸ்பேனரைத் தேடியிருக்கிறார்கள். சலோமா மேசை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"பேசக் கூடாதுன்னு நம்பிக்கை சொன்னா அதுக்குச் சட்டம் துணை நிக்கும். சரி. பேசணும்னு நம்பிக்கை சொன்னா?"

கோல்பி பிஷப்பைப் பார்த்தான்.

"அதுக்கும் துணை இருக்கும்மா... ஆனா அது வேற மாதிரி வழக்கு" என்றான்.

பிஷப் பெரி வயதானவர். அங்கே பிஷப்பையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சலோமாவுக்கு அவர்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். "சலோமா, நீ தலையாட்டினதை நான் பாத்தேன். என் கண்ணுக்கு முன்னாடி ஆட்டின" என்றார். "மில்லு போனா போகட்டும். ஆனா மன்னிச்சதைத் தோண்டி எடுத்து உலகத்துக்கு முன்னால போட்டா, நாளைக்கு எவன் வந்து முழங்கால் போடுவான்? அதை யோசி."

அதையும் அவள் யோசித்தாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கோர்ட்டுக்குப் போக டார்லாவின் வேன். டார்லா வாடகைக்கு ஓட்டுகிற இங்கிலீஷ்காரி, பாப்டிஸ்ட் சபை, வாய் ஓயாது.

"எங்க சபையில உங்களுக்காக உபவாசம் இருக்கோம் கண்ணு. நான்தான் நடுவுல ஒரு டோனட் தின்னுட்டேன், கர்த்தருக்குத் தெரியும். இன்னைக்கு உங்க மில்லுல கை வெச்சா, நாளைக்கு எங்க பிரசங்க மேடையில கை வைப்பானுங்க. விடக் கூடாது. உங்க அண்ணனுக்கு நல்லபடியா முடியும், பாரு."

பின்சீட்டில் ஈனோஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"உனக்குப் புள்ளைங்க இருக்கா டார்லா?" என்றாள் சலோமா.

"ரெண்டு பொண்ணு. பெரியவ சூப்பர் மார்க்கெட்டுல கேஷியர். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

டார்லா ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு ரேடியோவை அவளாகவே அணைத்தாள்.

கோர்ட் வாசலில் உலோகம் சோதிக்கிற நிலைக்கதவு கூவியது. சலோமா திரும்ப வந்து மறுபடி நுழைந்தாள். மறுபடி கூவியது. காவலாளிக்குக் காரணம் புரியவில்லை. ஆமிஷ் பெண்கள் உடையில் பொத்தான் வைப்பதில்லை. இடுப்பு, மார்பு, மேலங்கி எல்லாம் குண்டூசியால்தான் நிற்கும்.

"ஊசி எல்லாத்தையும் எடுக்கணும்மா" என்றார் அவர், சங்கடத்தோடு.

"எடுத்தா எல்லாம் கழண்டுரும்."

அவர் முகம் சிவந்துபோனது. ஒரு பெண் காவலரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் தடவிப் பார்த்துவிட்டு, "போங்கம்மா, குத்திக்காமப் போங்க" என்றாள்.

உள்ளே ஒரு பக்கம் மோஸும் சபை ஆண்களும் வைக்கோல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முகம் தெரியாத கிறிஸ்தவர்கள், அவர்களை ஆதரிக்க வந்தவர்கள். சிலர் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சத்தியம் பண்ணுவது ஆமிஷுக்கு ஆகாது என்பதால் குமாஸ்தா வேறு மாதிரி கேட்டார்: உண்மையைச் சொல்வதாக உறுதி சொல்கிறீர்களா? அவள் "ஆமாம்" என்றாள்.

அரசு வக்கீல் கேட்கும் முன்பே கோல்பி எழுந்தான். சாட்சிக்கு மத நம்பிக்கை தடையாக இருக்கலாம், முதலில் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றான். நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். கண்ணாடி போட்ட, சளி பிடித்த மனிதர்.

"மிஸஸ் யட்ஸி, பேசுறது உங்க நம்பிக்கைக்கு விரோதமா? இருந்தாச் சொல்லுங்க. நான் வற்புறுத்த மாட்டேன்."

கதவு திறந்துதான் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெஞ்சில் ஈனோஸ் இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்திருந்தான், குதிரை மிரளும்போது கடிவாளத்தைப் பிடிப்பதுபோல.

"என் சபைக்கு விரோதம்" என்றாள். "ஆனாப் பேசுறேன்."

அரசு வக்கீல் ஒரு பெண்மணி. நேராக விஷயத்துக்கு வந்தார். டோபியாஸ் இறப்பதற்கு முன் நீங்கள் மில்லுக்குப் போனதுண்டா?

"சாப்பாடு கொண்டுபோவேன்."

"அந்த இரும்பு மூடியைப் பார்த்திருக்கிறீர்களா?"

"பாத்தேன். ஆனா அது மூடின்னு அப்போ எனக்குத் தெரியாது." சலோமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "சுவத்துல சாய்ச்சு வெச்சிருந்துச்சு. அது மேல பசங்க தொப்பி மாட்டியிருந்தாங்க. தொப்பி மாட்டத்தான் மோஸ் அதைச் செஞ்சு வெச்சிருக்கான்னு நினைச்சேன். கீழ ஒரு தொப்பி விழுந்து கிடந்துச்சு, டோபியாஸோடது. நான்தான் எடுத்துத் தட்டி மாட்டினேன். போனப்பல்லாம் அது அங்கதான் நின்னுச்சு. ஒரு தடவை சிலந்திவலைகூட இருந்துச்சு."

கூடத்தில் யாரோ இருமினார்கள். சபை ஆண்கள் வரிசையில் ஒரு தொப்பிகூட அசையவில்லை.

கோல்பி மிக மென்மையாகத்தான் குறுக்கு விசாரணை செய்தான்.

"அம்மா, உங்க துக்கத்துக்கு முன்னால நான் தலை வணங்குறேன். அன்னைக்கு அதிகாரிகிட்ட, யார் மேலயும் குறை இல்ல, மன்னிச்சுட்டோம்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அதிகாரி அதை 'குடும்பத்தார் யார் மேலயும் தவறு காணவில்லை'ன்னு பதிஞ்சிருக்கார். அப்போ குறை இல்ல. ஒரு வருஷம் கழிச்சு இப்போ இருக்கு. அரசாங்கத்துலேர்ந்து யாராவது உங்களை வந்து பாத்தாங்களா?"

சலோமாவுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த அதிகாரியின் கலங்கிய கண்ணும் புரிந்தது. மன்னித்துவிட்டேன் என்றால் தப்பே நடக்கவில்லை என்று இவர்கள் ஊரில் அர்த்தம் போலிருக்கிறது.

"நீங்களும் ஜெபம் பண்றவர்தானே தம்பி," என்றாள், "தப்பே இல்லன்னா நான் எதை மன்னிச்சேன்?"

கோல்பி கையிலிருந்த காகிதத்தை மடித்தான். வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தான். ஒரு ஆள் வெட்கப்படுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட அவளுக்குத் தெரியவில்லை. அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

வெளியே தாழ்வாரத்தில் மோஸ் நின்றான். தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"நான் முழங்கால் போட்டப்போ நீ தலையாட்டின சலோமா."

"ஆட்டினேன். இப்பக் கேட்டாலும் ஆட்டுவேன்."

"அப்புறம் எதுக்கு இது?"

"மன்னிப்பு உனக்குத்தான் மோஸ். ரூபனைத் தரமாட்டேன்."

மோஸ் தொப்பியைத் தலையில் வைத்தான். பிஷப் பெரி அவன் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவர் சலோமாவைப் பார்க்கவில்லை. சபை தன்னை என்ன செய்யப்போகிறது என்று அதிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தீர்ப்பு இலையுதிர் காலத்தில் வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ் யாரும் அந்த மில்லில் நிற்கக் கூடாது. கோல்பியின் ஆட்கள் மேல்முறையீட்டுக்குப் போவதாக அறிவித்தார்கள். டார்லாவின் சபையில் சலோமாவைப் பற்றி நல்லவிதமாகவும் கெட்டவிதமாகவும் பேசிக்கொண்டார்களாம். டார்லாவே வந்து சொன்னாள், நூடுல்ஸ் வாங்குகிற சாக்கில். "நான் உன் பக்கம் கண்ணு. வெளியில சொல்லல, அவ்வளவுதான்" என்றாள்.

சபை சலோமாவுக்கு அவகாசம் கொடுத்தது. முழங்கால் போட்டு, பேசியது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் தலையாட்டக் காத்திருந்தார்கள். இரண்டு முறை பிஷப் பெரி வந்தார். இரண்டாம் முறை அழுதார்.

"ஒரே வார்த்தை, சலோமா."

"சுவத்துல சாஞ்சிருந்ததைப் பாத்தேன் பெரி. பாத்தது தப்புன்னு எப்படிச் சொல்வேன்?"

"பாத்தது தப்பு இல்ல. சொன்னதுதான் தப்பு."

"தப்புன்னு இப்பச் சொன்னா, நாளைக்கு ரூபனை அனுப்பச் சொல்வீங்க. மேல் கோர்ட்டுல ஜெயிச்சுட்டா?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவளை ஒதுக்கிவைத்தார்கள்.

ஒதுக்கிவைத்தவளோடு ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. அவள் கையிலிருந்து எதையும் நேராக வாங்கக் கூடாது. ஈனோஸ் சன்னலோரம் இன்னொரு சின்ன மேசையைத் தானே செய்து போட்டான். நல்ல மரத்தில், ஓரத்தை இழைத்து, கால் ஆடாமல் செய்திருந்தான். அவள் தட்டை அலமாரி மேல் வைப்பாள். அவன் அங்கிருந்து எடுத்துக்கொள்வான். சில நேரம் அவள் வைத்த கையை எடுப்பதற்குள் அவன் கை வந்துவிடும். இருவரும் சூடு பட்டதுபோல நின்றுவிடுவார்கள்.

அங்கே பெரியவர்கள் ஆன பிறகுதான் ஞானஸ்நானம்; ரூபனுக்கு இன்னும் ஆகவில்லை. சபையின் விதி அவனைக் கட்டாது. அம்மாவோடு உட்காரலாம். முதல் நாள் சலோமா சின்ன மேசையில் இரண்டு தட்டு வைத்தாள்.

அவன் வாசலில் நின்று இரண்டு மேசையையும் பார்த்தான். மேலுதட்டில் மீசை லேசாக அரும்ப ஆரம்பித்திருந்தது. ஊர்ப் பையன்கள் அவனைக் 'கோர்ட்டுக் குட்டி' என்று கூப்பிடுவது அவளுக்குத் தெரியும். அவன் சினேகிதர்கள் எல்லாம் வேறு ஊர் மில்களுக்குப் போய்விட்டார்கள்.

"மெம்" என்றான். அம்மாவை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். "நான் போகணும்னுதான் இருந்தேன். என்னை யாரும் கேக்கல."

"தெரியும்."

"நீயும் கேக்கல."

"கேக்கல" என்றாள்.

அவன் தன் தட்டை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவின் மேசையில் உட்கார்ந்தான். ஈனோஸ் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலை குனிந்தான். மௌன ஜெபம். அது முடிந்ததும் ரொட்டி கைமாறியது. வெண்ணெய் கைமாறியது. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் திரும்பவே இல்லை.

சலோமா தன் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ரொட்டியைப் பிய்த்தான், ஊறுகாய் ஜாடியின் இறுகிய மூடியைத் திருகித் திறந்தான், சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தான். இரண்டு கையும் முழுசாக இருந்தன. அவள் ஸ்பூனை எடுத்து, ஆறிப்போன சூப்பைக் குடிக்க ஆரம்பித்தாள்.